மரம் நம்முடையது, மருந்து யாருடையது?

கோத்தகிரி நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை, இயற்கை வளமும் நாடுகளின் செல்வாக்கும் பற்றி வந்தவர்கள் கேட்டார்கள். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன் என்ற முறையில் நான் சொன்ன பதில்களில் சில.

குன்னூர் கல்லூரி மாணவி: சார், கனிமம் நிறைய இருந்தால் நாடு வலிமையாகிவிடும் என்கிறார்கள். காங்கோ ஏன் இன்னும் ஏழை நாடு?

பேட்டரிக்கு வேண்டிய உலோகம் கோபால்ட். உலகில் தோண்டியெடுக்கும் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோவிலிருந்துதான் வருகிறது. ஆனால் அதைச் சுத்திகரிப்பது பெரும்பாலும் சீனாவில். போர், ஊழல் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் இந்த ஒன்று நமக்குச் சட்டென்று புரியும். பச்சைத் தேயிலையைப் பறிப்பது நாம். விலையைச் சொல்வது ஃபேக்டரி.

நடுவட்டத்துக்காரர்: ஐயா, எங்க ஊர் சிங்கோனாவுக்கு உலக அரசியலில் என்ன வேலை?

பெரிய வேலை! மலேரியாவுக்கு அன்று இருந்த ஒரே நல்ல மருந்து கொய்னா. அது இந்த மரப்பட்டையிலிருந்து வருவது. வெப்ப நாடுகளில் படை நிறுத்த வேண்டுமானால் அது இல்லாமல் முடியாது. மரமோ தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்குச் சொந்தம். அங்கிருந்து விதையும் நாற்றும் கொண்டுவந்து, 1860களில் ஆங்கிலேயர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டார்கள். டச்சுக்காரர் ஜாவாவில் வேறு ரகம் நட்டார்கள். அந்தப் பட்டையில் கொய்னா அதிகம். அதை வளர்க்கும் முறையையும் பிரித்தெடுக்கும் தொழிலையும் அவர்கள் செம்மைப்படுத்தியதால், 1930களில் உலகக் கொய்னாவில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்தே வந்தது. மரத்தைப் பெற்றெடுத்த மலைநாடுகள் சந்தையில் காணாமலே போயின.

அப்புறம் 1942 மார்ச்சில் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தது. பசிபிக் காடுகளில் போரிட்ட நேச நாட்டுப் படைகளுக்கு ஒரே நாளில் மருந்துக்கு வழியில்லை. அமெரிக்கா செயற்கை மாத்திரைகளைப் பெருமளவில் தயாரித்துத்தான் சமாளித்தது. ஒரே இடத்தை நம்பியிருப்பதன் ஆபத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சியை நான் பார்த்ததில்லை.

கூடலூர் இளைஞர்: இன்றைக்கு அப்படி எது சார்?

அரிய மண் உலோகங்கள். மின்சார வண்டியின் மோட்டார் காந்தத்துக்கு இவை வேண்டும். சுத்திகரிப்பில் மிகப் பெரும்பங்கு சீனாவிடம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சில உலோகங்களுக்கு ஏற்றுமதி அனுமதி கட்டாயம் என்று அது சொன்னதும் பல நாட்டு வண்டித் தொழிற்சாலைகள் தவித்தன. நமக்குக் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே, இந்த உலோகங்கள் கலந்த மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. காந்தம் செய்யும் தொழிலை இங்கே வளர்க்க நாம் ரொம்பவே தாமதித்துவிட்டோம்.

ஊட்டிப் பெரியவர்: தொழிற்சாலைதான் பலம் என்கிறீர்கள். நம்ம ஃபிலிம் கம்பெனி மூடிப்போச்சே?

சரியான கேள்வி, அண்ணா. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொடங்கியது 1960இல். டிஜிட்டல் கேமரா வந்ததும் ஃபிலிமுக்கு வேலை போயிற்று. ஜப்பானின் ஃபியூஜிஃபிலிமுக்கும் அதே அடிதான். ஆனால் அவர்கள் தங்களிடம் இருந்த வேதியியல் அறிவை மருந்துக்கும் சிப் தயாரிப்புப் பொருட்களுக்கும் திருப்பினார்கள். ஆக, ஆலை மட்டும் போதாது. அதற்குள் இருக்கும் அறிவை அடுத்த வேலைக்குத் திருப்பத் தெரிய வேண்டும். நம்ம ஃபிலிம் ஆலை இருந்த இந்து நகர் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். என்னிடம் படித்த பிள்ளைகள் பலரின் அப்பாக்கள் அங்கே வேலை பார்த்தவர்கள்.