பந்தயத்தில் போட்டு ஓட்டிய பழைய சைக்கிள் ஜெர்ஸிக்கு இவ்வளவு விலை கொடுக்கலாமா? அசல்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வியைப் பார்த்தால், ஏதோ ஏலத் தளத்தில் ஒரு மஞ்சள் ஜெர்ஸியைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள், வீட்டில் யாரோ "எவனோ போட்டுக் கழற்றின சட்டைக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வியை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் மஞ்சளைப் பற்றி. பிரான்ஸில் பல நாள் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள் ஜெர்ஸி தருவது 1919இல் தொடங்கியது. பந்தயத்தை நடத்திய பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது, நிறம் அங்கிருந்து வந்தது என்பார்கள். இன்று பரிசு மேடையில் மாட்டிவிடுகிற மஞ்சள் ஜெர்ஸிக்கு ஜிப் முதுகுப் பக்கம் இருக்கும். வீரர் முன்னாலிருந்து கையை நுழைப்பார், பின்னாலிருந்து இழுத்து மூடிவிடுவார்கள். அதைப் போட்டு யாரும் ஓட்டுவதில்லை. மறுநாள் ஓட்டுவதற்கு வேறு தருவார்கள். கையெழுத்துப் போட்டு, 'பந்தயத்தில் அணிந்தது' என்று விற்கப்படுகிறவற்றில் இந்த மேடை ஜெர்ஸிகளும் உண்டு. ஜிப் பின்னால் இருந்தால் அந்த விலையைக் கொடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் நட்சத்திரங்களின் ஜெர்ஸியையே விட்டுவிடுங்கள் என்பேன். துணை வீரர் ஒருவருடையதை வாங்குங்கள். அணித் தலைவனுக்குக் காற்றை மறைத்து ஓட்டுகிறவர், பின்னால் வரும் அணியின் காருக்குப் பின்வாங்கிப் போய்த் தண்ணீர் வாங்கி வருகிறவர், தலைவனின் சக்கரம் பஞ்சரானால் தன்னுடையதைக் கழற்றிக் கொடுப்பவர். ஒரு ஜெர்ஸி பந்தயத்தைப் பார்த்ததா இல்லையா என்பது அவர் துணியில்தான் நன்றாகத் தெரியும்.

நான் பெல்ஜியத்தில் கென்ட் நகரில் வேலை பார்க்கிறேன். ஊடநார்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பழைய சைக்கிள் பந்தய வீரர் ஒருவர் இறந்துபோய், வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று தெரிந்தவர் சொன்னார். போனேன். அவருடைய மகள் அலமாரியின் அடியிலிருந்து ஒரு சிவப்புக் கம்பளி ஜெர்ஸியை எடுத்துக் காட்டினார். நெஞ்சில் ஃப்ளாண்ட்ரியா, அதோடு வெல்டா. ஃப்ளாண்ட்ரியா என்பது செடல்ஹெம் ஊரில் சைக்கிள் செய்த கம்பெனி. அதன் அணி 1979 வரை ஓடியது. வெல்டா, மெத்தை செய்கிற கம்பெனி, 1976 முதல் 1978 வரை உடன் இருந்தது. சைக்கிள் பாகங்கள் செய்கிற ஷிமானோவின் பெயர் இருந்தால் அது 1973. இப்படித் துணை விளம்பரதாரர் பெயரை வைத்தே வருடத்தை நெருங்கிவிடலாம், இது எல்லா அணிகளுக்கும் பொருந்தும்.

"அப்பா பெரிதாக எதையும் ஜெயித்ததில்லையே, இது உங்களுக்கு எதற்கு?" என்று அந்த மகள் கேட்டார். நான் பின்பக்கத்தைத் திருப்பினேன். மூன்று பைகளும் தொங்கிப்போய் இருந்தன, வாய் விரிந்து, நடுப்பை மட்டும் இன்னும் ஒரு விரல் கீழே. தண்ணீர் பாட்டில்களைத் திணித்துத் திணித்து ஆன தொங்கல் அது. இடுப்புக்கு இரண்டு பக்கமும் எண் துணியை ஊக்கால் குத்திய ஓட்டைகள், ஒரே இடத்தில் கூட்டமாக. இடது இடுப்பில் வேறு சிவப்பு நூலால் இழையோட்டித் தைத்திருந்தது. "அது அம்மா தைத்தது. விழுந்துவிட்டு வந்தார், இரவே தைத்துக் காயவைத்தாள், காலையில் மறுபடி போட்டுக்கொண்டு போனார்" என்றார். அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது, எனக்கும்தான்.

1976 டூரில் ஃப்ளாண்ட்ரியாவின் ஃப்ரெடி மார்டென்ஸ் 8 கட்டங்களை (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) ஜெயித்தார். 1977 ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தில் 13. அந்தப் பெயரும் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். அந்த வருடங்களில் அதே சிவப்பைப் போட்டுத் தண்ணீர் சுமந்தவர்களில் ஒருவர் அந்த மகளின் அப்பா. பெயர் சொல்ல மாட்டேன், குடும்பம் கேட்டுக்கொண்டது. கேட்ட விலைக்கு மேலேயே கொடுத்தேன்.

"கதை சொன்னால் ஆதாரமாகிவிடுமா?" என்று கீழே கருத்துப் பகுதியில் யாராவது வருவீர்கள், தெரியும். கதையை மட்டும் நம்பவில்லை. அதே ஜெர்ஸியோடு அவர் நிற்கும் அந்தக் காலப் புகைப்படம் இருக்கிறது, கழுத்துப் பட்டியின் உள்ளே மையால் எழுதிய எழுத்துகள் இருக்கின்றன, துணியும் நூலும் அந்த வருடங்களோடு ஒத்துப்போகின்றன. நான் வியாபாரியும் இல்லை, வாங்கிய ஒன்றையும் விற்றதில்லை. "அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வேண்டியதுதானே" என்பவர்களுக்கு: இங்கே பெல்ஜியத்தில் ரூசலாரேவில் அருமையான சைக்கிள் அருங்காட்சியகம் இருக்கிறது, எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை. கேட்டால் நாளைக்கே கொடுப்பேன். ஆனால் ஜெயிக்காதவரின் ஜெர்ஸியை அலமாரியிலிருந்து எடுத்து வைக்க முதலில் ஒருவர் வேண்டும்.

கம்பளி என்பதால் பராமரிப்பு முக்கியம். பிரெஞ்சு வீரர் லூயிசோன் போபே செயற்கை இழை கலந்த மஞ்சள் ஜெர்ஸியை மறுத்து, கம்பளிதான் வேண்டும் என்று இரவோடிரவாகத் தைக்கவைத்தவர். ஓட்டுகிறவர்களுக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது. பூச்சிக்கும் பிடிக்கும். வாங்கியதும் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒன்றிரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். மாட்டித் தொங்கவிடாதீர்கள், இழுத்துவிடும். வெந்நீர் வேண்டவே வேண்டாம். கறையை எடுக்கப் போய் எழுத்தின் சங்கிலித் தையலைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதைச் சொல்லாமல் விட முடியவில்லை: 2021 முதல் இங்கிலாந்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஜெர்ஸி வாங்கி வரவழைத்தால் வரி. சரி, வரி கட்டலாம். ஆனால் பார்சல் கம்பெனிக்காரர்கள் 'கையாளும் கட்டணம்' என்று வரியை விட அதிகமாக வாங்கினார்கள். தொலைபேசியில் கூப்பிட்டால் பாட்டுதான் கேட்கிறது.  யாரிடம் முறையிடுவது என்றே தெரியாத ஏற்பாடு இது.

புற ஊதா விளக்கில் புதுப் பாலியெஸ்டர் நூல் பளிச்சென்று தெரியும் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் சலவைத்தூள் பட்ட பழைய கம்பளியும் ஒளிரும். அதை மட்டும் நம்பாதீர்கள். நீங்கள் பார்த்து வைத்திருப்பதன் ஜிப், கழுத்துப் பட்டியின் உள்பக்கம், பின் பைகள், ஊக்கு ஓட்டைகள் நான்கையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்பக்கப் படம் தர மறுத்தால் வாங்க வேண்டாம்.