அந்த ஜாக்கெட்டைப் போட வேண்டாம்

பழைய துணிக் கடையில் 8 டாலருக்கு வாங்கிய, கிரேக்க எழுத்து தைத்த இளஞ்சிவப்பு-பச்சை ஜாக்கெட்டை வகுப்புக்குப் போட்டுப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. நீங்கள் சொல்லும் மூன்று எழுத்துகள் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1908-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, கறுப்பினப் பெண்களின் முதல் கிரேக்க எழுத்துச் சங்கம் (அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளையே பெயராக வைத்துக்கொள்ளும் மாணவியர் சங்கம்). நம்ம ஊர் வேர் உள்ள கமலா ஹாரிஸ் 1986-இல் சேர்ந்ததும் இதில்தான். படிப்பு முடிந்ததும் மறந்துவிடுகிற கல்லூரி கிளப் மாதிரி நினைக்காதீர்கள். பட்டம் வாங்கியவர்களுக்கென்றே தனிக் கிளைகள் உண்டு, பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட அதில் மும்முரமாக இருப்பார்கள். நீங்கள் அதைப் போட்டுக்கொண்டு போனால் அந்தச் சங்கத்தவர் யாராவது உங்களையும் உறுப்பினர் என்று நினைத்து ஆசையாக ஓடிவந்து எந்தக் கிளை, எந்த வருடம் என்று கேட்பார்கள், நீங்கள் திருதிருவென்று முழிக்க வேண்டியதுதான்.

அப்புறம், கைப்பகுதியில் ஏதாவது எண் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பெரும்பாலும் அது ஜாக்கெட்டின் பழைய சொந்தக்காரர் சங்கத்தில் சேர்ந்தபோது, கூடவே சேர்ந்த தோழிகள் வரிசையில் எத்தனையாவதாக நின்றார் என்பதைச் சொல்வது. கடைக்கு எப்படி வந்ததோ, பாவம். உங்கள் வளாகத்தில் கிளை இருந்தால் ஒரு மின்னஞ்சல் போட்டு ஒப்படைத்துவிடுங்கள், 8 டாலர் போனால் போகட்டும்.