உப்புத் தண்ணிக்கு என்ன மீன்? – கலர் மீன் கேள்வி-பதில்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிற ரோட்டில், கோபாலபுரம் செக்போஸ்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது என் கடை. அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, இந்தப் பக்கம் ஆனைமலை, மலை மேலே வால்பாறை என்று எல்லாத் திசையிலிருந்தும் மீன் வாங்க வருகிறார்கள். யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, “உங்க வீட்ல ஆத்துத் தண்ணியா, உப்புத் தண்ணியா?” என்பதைத்தான். கலர் மீன் வாங்க வந்தவரிடம் ஜாதகம் கேட்ட மாதிரி முழிப்பார்கள். இந்த முறை வந்த கேள்விகளிலும் பாதி அங்கேதான் போய் நிற்கிறது.

கே: 2 அடி தொட்டி வாங்கிக் கழுவி, போர் தண்ணி ஊத்தி, அன்னைக்கே 20 நியான் டெட்ரா விட்டேனுங்க. ஒரு வாரத்துல ஒண்ணுகூட மிஞ்சல. கடைக்காரர் நோய் மீனைக் குடுத்துட்டாரா? (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் தொட்டியைப் பார்ப்போம். இங்கே இரண்டு தவறு ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது.

மீன் கழிவிலிருந்தும் மிஞ்சின தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். அது மீனுக்கு விஷம். பழைய தொட்டியில் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியிருக்கிற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அப்புறம் அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரைட்டும் விஷம்தான். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போய்விடும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா கிடையாது. தானாக வளர்ந்து நிலைக்க 4 முதல் 6 வாரம் ஆகும். நீங்கள் முதல் நாளே 20 மீனை விட்டுவிட்டீர்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருந்திருக்கும், அதனால் சந்தேகமே வந்திருக்காது. அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது.

உங்கள் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அம்மோனியாவின் விஷம் தண்ணீரின் காரத்தன்மையோடும் சூட்டோடும் சேர்ந்து ஏறும். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் போர் தண்ணீர் கடினமானது, காரமும் கூடினது. நாம் உப்புத் தண்ணி என்கிறோமே, அதுதான். பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்து, சொரண்டினாலும் போகாது, பார்த்திருப்பீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வெயில் வேறு. நியான் டெட்ராவோ அமேசான் பக்கத்து மென்மையான தண்ணீரில் பிறந்த ஜாதி. அதற்கு 21 முதல் 25 டிகிரிதான் சுகம்.

சரி, என்ன வாங்கலாம்? உப்புத் தண்ணீரைச் சபிக்க வேண்டாம், அதற்கென்றே மீன் இருக்கிறது. குட்டி போடுகிற வகை எல்லாமே உங்கள் வீட்டுக்குப் பொருந்தும்: கப்பி, மோலி, பிளாட்டி, சோர்ட்டெயில். அதிலும் மோலிக்குக் கடினமான தண்ணீர்தான் பிடிக்கும், மென்மையான தண்ணீரில் விட்டால் சுணங்கிப்போகும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் கணக்குக்கு 56 லிட்டர். கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர் நிற்கும். அதில் ஆண் கப்பியாக மட்டும் 8, கூட 4 பிளாட்டி போதும். கப்பியில் ஆண், பெண் கலந்து விட்டால் ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் வேண்டும், இல்லையென்றால் பெண்ணைத் துரத்தியே கொன்றுவிடும். மாதம் ஒரு முறை குட்டி போடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை நாலு குட்டி பார்த்ததும் பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்வீர்கள். ஆறாவது மாதம் பக்கத்து வீட்டார் உங்களைப் பார்த்தால் கதவைச் சாத்துவார்கள்.

இந்த முறை அவசரம் வேண்டாம். மீன் இல்லாமல் ஃபில்டரை ஓட விடுங்கள். தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள், அது அழுகித்தான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால் அவர்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி உங்கள் தொட்டியில் பிழியுங்கள். கறுப்பாக, சேறு மாதிரி இறங்கும். பயப்படாதீர்கள், அதுதான் சொத்து. காத்திருக்கும் நாள் நன்றாகக் குறையும். அப்புறம் முதலில் நாலு மீன், இரண்டு வாரம் கழித்து மிச்சம்.

கே: ஃபைட்டரையும் கப்பியையும் ஒண்ணா விடலாமா? (பொள்ளாச்சி)

வேண்டாம். ஆண் கப்பியின் அகலமான வாலைப் பார்த்து இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துப் பாயும். ஃபைட்டர் தனி ஆள். அதற்காக டம்ளரில் வைக்கவும் வேண்டாம். மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சுவிடும் உறுப்பு இருப்பதால் சின்ன இடத்திலும் செத்துப் போகாமல் கிடக்கும், அவ்வளவுதான்.

கே: ஏஞ்சல் மீன் அமைதியாத்தான இருக்கு, நியான் டெட்ராவோட விடலாம்னு ஒருத்தர் சொல்றார், கூடாதுன்னு இன்னொருத்தர் சொல்றார். எது சரிங்க? (ஆனைமலை)

உங்களுக்கு ஆழியாற்றுத் தண்ணீர் வருகிறது என்றால் இரண்டுக்குமே தண்ணீர் ஒத்துவரும். தகராறு வாய் அளவில்தான். நானும் இதில் ஏமாந்தவன். கடை ஆரம்பித்த புதிதில் சென்னை கொளத்தூரில் ஆக்சிஜன் அடைத்த பையில் 30 நியான் வாங்கி, ராத்திரி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். ஒன்றுகூடச் சாகவில்லை. காட்சிக்கு வைத்திருந்த 3 அடி தொட்டியில் விட்டேன். அதில் ஏற்கெனவே நாலு ஏஞ்சல் குட்டிகள், எட்டணா அளவு. ஆறு மாதம் எந்த வம்பும் இல்லை. அப்புறம் ஒரு நாள் எண்ணினால் 26. அடுத்த வாரம் 21. செத்த மீன் எங்கேயும் மிதக்கவில்லை. பூனை என்று நினைத்து மூடிமேல் செங்கல் வைத்தேன். கடைசியில் ஒரு நாள் விடியற்காலையில் லைட்டைப் போட்டபோது ஒரு ஏஞ்சலின் வாயிலிருந்து சிவப்பாக ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது.

சின்னதில் கூட இருந்த பாசமெல்லாம் மீனுக்குக் கிடையாது. ஏஞ்சல் 15 சென்டிமீட்டர் வரை வளரும், நியான் 4 சென்டிமீட்டரைத் தாண்டாது. வாயில் அடங்கினால் இரைதான். ஏஞ்சலோடு பேர்ல் கொரமி, பிளாக் விடோ டெட்ரா மாதிரி உடல் அகலமானவற்றை விடுங்கள். பிளாக் விடோ ஆறுக்குக் குறைந்தால் ஏஞ்சலுக்கு மீசை மாதிரி கீழே தொங்கும் நீளத் துடுப்பைக் கடிக்கப் பார்க்கும், அதனால் கூட்டமாக வாங்குங்கள். தொட்டி ஒன்றரை அடி உயரமாவது இருக்கட்டும்.

கே: டைகர் பார்ப் மூணு வாங்கினேன். மத்த மீனோட வாலெல்லாம் கிழிஞ்சு கெடக்கு. (கிணத்துக்கடவு)

மூன்று வாங்கியதுதான் தப்பு. எட்டாக இருந்தால் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு மற்ற மீனைச் சும்மா விட்டுவிடும். எட்டே இருந்தாலும் கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர் பக்கம் விடக்கூடாது.

கே: வால்பாறை எஸ்டேட்டில் இருக்கிறோம். டிசம்பர் ஜனவரியில் எந்த மீனும் நிற்பதில்லை.

நீங்கள் இருக்கும் குளிருக்குக் கீழே நாங்கள் ஏங்குகிறோம். எல்லோரும் கோல்டு ஃபிஷ் கேட்பார்கள், வெயில் காலத்தில் எங்கள் பக்கம் அது வாயைப் பிளந்துகொண்டு மேலேயே நிற்கும். அதற்கு ஏற்ற தண்ணீர் 18 முதல் 23 டிகிரி, அதாவது உங்கள் வீட்டுத் தண்ணீர். ஆனால் கோல்டு ஃபிஷ் நிறையக் கழிவு போடும். குண்டு உடம்பு வகையாக இரண்டே இரண்டு, 3 அடி தொட்டியில் வையுங்கள். ஒற்றை வால் வகை ஒரு அடி வரை வளரும், அது குளத்துக்கு.

சின்ன மீன்தான் வேண்டும் என்றால் ஜீப்ரா டேனியோ, வைட் கிளவுட் மின்னோ. இரண்டும் குளிர் தாங்கும், ஒன்றோடொன்று ஒத்துப்போகும், ஆறாறாக விடலாம். கோல்டு ஃபிஷோடு சேர்க்க வேண்டாம், அது வளர்ந்தால் விழுங்கிவிடும். மற்ற மீன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஹீட்டர் போடுங்கள், லிட்டருக்கு ஒரு வாட் என்று கணக்கு.

கே: அங்கிள், வாய்க்கால்ல செவப்பா குட்டிக் குட்டியா கூட்டமா மீன் போச்சு. கொசுவலையில 15 புடிச்சு கப்பித் தொட்டியில விட்டிருக்கேன். அது என்ன மீன்? (ஏழாம் வகுப்பு, அம்பராம்பாளையம்)

தம்பி, நீ பிடித்தது விரால் குஞ்சு. சின்னதில்தான் அந்தச் சிவப்பு, வளர வளரப் போய்விடும். கீழேயே தாயும் தகப்பனும் காவலுக்கு வந்திருக்கும், நீ பார்க்கவில்லை. நாளாக ஆக அது கப்பிக் குட்டியைத் தின்னும், அப்புறம் பெரிய கப்பியைத் தின்னும், கடைசியில் தொட்டியை விட்டே எகிறும். இரண்டு அடிக்கு மேல் வளருகிற மீன் அது. இன்றைக்கே பிடித்த அதே இடத்தில் கொண்டுபோய் விடு, தாய் மீன் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தாலும் இருக்கும். வீட்டுப் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போ. வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தால் இறங்காதே.

கே: ஷார்க் என்று சொல்லி ரண்டு இன்ச் மீன் ஆறு கொடுத்தார்கள். இப்போது முக்கால் அடி. கண்ணாடியில் போய் முட்டிக்கொள்கிறது. (பாலக்காடு)

அது சுறாவே இல்லை, கெளுத்தி இனம். தென்கிழக்காசியாவின் மீகாங் நதி அதன் ஊர். ஒரு மீட்டருக்கு மேல் வளரும். ஆந்திராவில் குளம் குளமாக வளர்த்துச் சாப்பாட்டுக்கு அனுப்புகிறார்களே பங்காசியஸ், அதேதான். மீன் மார்க்கெட்டில் ஐஸ் மேல் கிடப்பதையும் உங்கள் ஹாலில் நீந்துவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தெரியும். பார்வை மங்கல், பயந்த சுபாவம். யாராவது லைட்டைப் போட்டாலே கண்ணாடியில் மோதி, செத்த மாதிரி மல்லாந்துவிடும். எந்த வீட்டுத் தொட்டியும் அதற்குப் போதாது. பெரிய குளம் வைத்திருப்பவர் யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள். நான் பத்து வருடமாக அதை விற்பதில்லை. கேட்டு வருபவர்கள் அடுத்த கடைக்குப் போவதும் எனக்குத் தெரியும்.

கே: மிஸ் கேரளா மீன் நம்ம ஊர் மீன்தானே, ஏன் உங்க கடையில இல்ல? (சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும், வாலில் மஞ்சளும். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. 1865இல் ஃபிரான்சிஸ் டே அதை விவரித்து, சென்னை மாகாண கவர்னர் டெனிசன் பெயரை வைத்தார். நம் ஊர் மீன் என்கிறீர்கள், ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலையில் பாறை மேல் ஓடுகிற குளிர்ந்த ஆற்று மீன், உங்கள் ஹாலின் ஏப்ரல் மாதத்து மீன் இல்லை. அரை அடி வளரும், ஆறேழு சேர்ந்தால்தான் நிம்மதியாக இருக்கும், 4 அடிக்குக் குறைந்த தொட்டியில் எகிறி வெளியே விழும். கலர் மீன் வியாபாரத்துக்காக ஆற்றிலிருந்து அள்ளி அள்ளித்தான் அழிந்துவரும் இனப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. என் தொழில்தான் அதற்கு ஒரு காரணம் என்கிறபோது கடையில் வைக்க மனசு வரவில்லை.

கே: பாசி தின்னும்னு வாங்கின சக்கர் ஒரு அடிக்கு மேல ஆயிடுச்சு. ஆழியாறு டேம்ல விட்றலாமா? (கோட்டூர்)

கூடாதுங்க. தென் அமெரிக்க மீன் அது. நம் ஏரி குளங்களில் ஏற்கெனவே பரவி, முள்ளும் செதிலும் வலையைக் கிழித்து மீனவர்களைப் படுத்துகிறது. கரையில் பொந்து தோண்டி முட்டையிடும். பாசி தின்பதெல்லாம் சின்ன வயசில்தான், பெரிசானதும் தீனிக்குத்தான் வரும், ராத்திரியில் கோல்டு ஃபிஷ் மேல் ஒட்டி அதன் வழவழப்பையும் உரிக்கும்.

மூடி போட்ட பக்கெட்டில் ஈரத் துணியோடு கடைக்குக் கொண்டுவாருங்கள், காசு கேட்க மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன். கடைக்குப் பின்னால் இதற்கென்றே ஒரு சிமெண்ட் தொட்டி கட்டிவிட்டேன். இப்போது அதில் ஒன்பது கிடக்கின்றன, உங்களுடையது பத்தாவது.