வரிசை எங்கே நிற்கிறதோ, அங்கேதான் முன்னுரிமை

கோலாலம்பூரில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாகக் கிளை அலுவலகங்களின் ரௌட்டர்களைப் பார்த்து வருகிறேன். தலைமையகத்துக்கும் கிளைக்கும் இடையிலான லைனில் போன் பேச்சு அறுகிறது, சிஸ்டம் இழுக்கிறது என்று பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

பிறையில் ஒரு கிடங்கிலிருந்து: அண்ணே, எங்களுக்கும் கே.எல். தலைமையகத்துக்கும் நடுவே 10 மெகாபிட் மெட்ரோ ஈதர்நெட் லைன். குரலுக்கு முதல் முன்னுரிமை கொடுத்தாயிற்று. ஆனாலும் மாலையில் பேக்கப் ஓடினால் பேச்சு அறுந்து அறுந்து வருகிறது. ரௌட்டரில் பார்த்தால் டிராப் (அது எறிந்த பேக்கெட்டுகளின், அதாவது தரவுத் துண்டுகளின் எண்ணிக்கை) சுழியம். ஏன்?

அந்தச் சுழியத்தில்தான் விடை இருக்கிறது, தம்பி. லைன் கொடுத்தவர்கள் வைத்த பெட்டிக்கும் உங்கள் ரௌட்டருக்கும் இடையே உள்ள கேபிள் 1 கிகாபிட்டாக இருக்கும். ரௌட்டருக்குத் தெரிந்தது அந்த 1 கிகாபிட் மட்டும்தான். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் 10 அதற்குத் தெரியாது. போர்ட் நிரம்பினால்தான் வரிசை உண்டாகும், வரிசை உண்டானால்தான் முன்னுரிமைக்கு வேலை. உங்கள் ரௌட்டரில் வரிசையே இல்லை, வந்ததெல்லாம் வந்த வேகத்தில் வெளியே போகிறது. லைன் நிறுவனத்தின் பக்கம் இருக்கும் போலீசர் என்ற வேகக் கட்டுப்பாடு 10 மெகாபிட்டுக்கு மேல் வருவதைத் தூக்கி எறிகிறது. அதற்குக் குரலும் ஒன்றுதான், பேக்கப்பும் ஒன்றுதான்.

ஆகவே வரிசையை உங்கள் ரௌட்டருக்குள் இழுத்து வாருங்கள். வெளியே 9.5 மெகாபிட்டுக்கு ஒரு ஷேப்பர், அதற்குள்ளே குரலுக்கு முன்னுரிமை வரிசை என்று இரண்டு அடுக்கு. போலீசர் மீறியதை எறியும், ஷேப்பர் நிறுத்தி வைத்து அனுப்பும். முழு 10 வைக்காமல் 9.5 வைப்பதற்குக் காரணம், ஒவ்வொரு பேக்கெட்டோடும் ஒட்டிப் போகும் ஈதர்நெட் தலைப்பு பைட்டுகளை உங்கள் ரௌட்டரும் அவர்கள் கருவியும் ஒரே மாதிரி எண்ணும் என்ற உறுதி இல்லை.

இன்னொன்று. சராசரி சரியாக இருந்தும் டிராப் விழலாம். ஷேப்பர் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பாமல் நீண்ட இடைவெளிக்கு ஒருமுறை பெருங்கொத்தாக அனுப்பினால் அந்தப் பக்கம் தாங்காது. இடைவெளியை 10 மில்லி வினாடிக்குக் குறையுங்கள். 9.5 மெகாபிட்டில் அது ஒரு தடவைக்கு 95,000 பிட்.

எனக்கும் இது நேர்ந்தது. ஒரு தொழிற்சாலையில் கிளையில் இருந்தவரைப் போனில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னேன். நான்குக்கு அப்புறம் ஏழுதான் கேட்டது. திரையில் குரல் வரிசையின் டிராப் சுழியம், மற்ற வரிசையிலும் சுழியம். இரண்டு நாள் போனையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். ஷேப்பர் போட்ட நிமிடத்தில் பேக்கப் வரிசையின் டிராப் எண் கடகடவென்று ஏற ஆரம்பித்தது, எண்ணுவதோ இருபது வரை ஒன்று விடாமல் கேட்டது. வரிசை எங்கள் ரௌட்டருக்குள் வந்துவிட்டது என்று காட்டிய அந்த எண் ஏறியதைப் பார்த்து அவ்வளவு நிம்மதி எனக்கு.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பயண முகவர் அலுவலகத்திலிருந்து: எங்கள் லைன் 4 மெகாபிட், ஒரே நேரத்தில் 20 பேர் பேசுவோம். குரலுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஜி.711 கோடெக்கில் (குரலைத் தரவாக மாற்றும் முறை) 20 மில்லி வினாடிக்கு ஒரு பேக்கெட். உள்ளே 160 பைட் குரல், மேலே 40 பைட் ஐபி, யுடிபி, ஆர்டிபி தலைப்பு, ஈதர்நெட்டுக்கு 18. மொத்தம் 218 பைட், வினாடிக்கு 50 தடவை. ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் 87.2 கிலோபிட். 20 பேருக்கு 1.74 மெகாபிட். விபிஎன் (பொது லைனுக்குள் போடும் தனிவழி) வழியாகப் போனால் இன்னும் கூடும்.

முன்னுரிமை வரிசை லைனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது ரௌட்டர் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனம் சொல்லிவந்த வழிகாட்டல், நானும் அதையே பின்பற்றுகிறேன். உங்களுக்கு அது 1.33 மெகாபிட், அதாவது 15 அழைப்பு. 16-வது ஆள் பேச ஆரம்பித்தால் அவருடைய அழைப்பு மட்டும் கெடாது. நெரிசல் நேரத்தில் உச்சவரம்பைத் தாண்டிய பேக்கெட்டை ரௌட்டர் எறியும், அது யாருடையது என்று பார்க்காது. 16 பேருக்கும் கரகரக்கும். ஆகவே போன் எக்ஸ்சேஞ்சிலேயே அழைப்பு எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள், இல்லாவிட்டால் குரலை இன்னும் சுருக்கும் ஜி.729 கோடெக்குக்கு மாறுங்கள். அதில் ஒரு அழைப்புக்கு 31.2 கிலோபிட், 20 பேருக்கு 624 கிலோபிட்தான்.

ஷா ஆலாமிலிருந்து: மேலாளர் கணக்கு சிஸ்டத்தையும் குரலோடு சேர்த்து முதல் வரிசையில் போடச் சொல்கிறார். செய்யலாமா?

வேண்டாம். முதல் வரிசை காலியாகும்வரை மற்றதைத் தொடாத முறை அது. உச்சவரம்பு இல்லாவிட்டால் கீழே இருப்பவை பட்டினி கிடக்கும், இருந்தால் கணக்கு சிஸ்டம் அதை நிரப்பிக் குரலைக் கெடுக்கும். கணக்கு சிஸ்டத்துக்குக் குறைந்தபட்ச பேண்ட்வித் உத்தரவாதம் உள்ள தனி வகுப்பு கொடுங்கள். மேலாளருக்கு வேண்டியது வேகம்தானே, அது கிடைத்துவிடும்.

ஜார்ஜ்டவுனில் ஒரு தங்கும் விடுதியிலிருந்து: யூனிஃபை இணைய லைன், மைக்ரோடிக் ரௌட்டர். வீடியோ அழைப்புக்கு முன்னுரிமை 1 வைத்தும் ஒரு மாற்றமும் இல்லை அண்ணே.

இரண்டு இடத்தைப் பாருங்கள். முதலில் ஃபாஸ்ட்டிராக் என்ற குறுக்குவழி விதி. அது இயங்கும் இணைப்புகள் சிம்பிள் கியூவை (நீங்கள் முன்னுரிமை வைக்கும் வரிசை) தொடாமலே தாண்டிப் போய்விடும். அப்புறம் எல்லா வரிசைக்கும் மேலே இருக்கும் தாய் வரிசையில் மேக்ஸ்-லிமிட், அதாவது வேக உச்சவரம்பு. அதை லைனின் உண்மையான வேகத்துக்குக் கொஞ்சம் கீழே வைக்காமல் முன்னுரிமை 1 என்றாலும் 8 என்றாலும் வித்தியாசம் இருக்காது. பிறைத் தம்பிக்குச் சொன்ன அதே காரணம்தான்.

பாயான் லெப்பாஸிலிருந்து: வெளியே போவது சரி சார், உள்ளே வருவதை என்ன செய்வது?

உள்ளே வரும் பேக்கெட் உங்களிடம் சேரும்போது நெரிசலைக் கடந்து வந்துவிட்டது. தனியார் லைன் என்றால் எதிர்முனையில், தலைமையக ரௌட்டரில் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி ஷேப்பர் போடுங்கள். கிளையில் மட்டும் சரிசெய்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

பொது இணையம் என்றால் எதிர்முனை உங்கள் கையில் இல்லை. வரும் வேகத்தை லைனைவிடக் குறைவாக, 90 சதவீதம்போல, நீங்களே கட்டுப்படுத்துங்கள். டிசிபி (நெரிசலைப் பார்த்து வேகத்தை மாற்றும் அனுப்பும் முறை) அனுப்புநர் அதை உணர்ந்து வேகத்தைக் குறைத்துக்கொள்வார். எஃப்க்யூ-கோடெல் என்ற வரிசை முறை ரௌட்டரில் இருந்தால் அதையே போடுங்கள். 2018-இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்த முறை, நீளமாகத் தேங்கும் வரிசையை அதுவே குறைத்துக்கொள்ளும். டிசிபி போல வேகத்தைக் குறைத்துக்கொள்ளாத, கட்டுப்பாடில்லாத யுடிபி வெள்ளத்திடம் மட்டும் இது செல்லாது.

கிளாங்கிலிருந்து: போனே 46 என்று குறியிட்டு அனுப்புகிறது. அது போதாதா?

46 என்பது டிஎஸ்சிபியில் (பேக்கெட்டின் தலைப்பில் முன்னுரிமையைக் குறிக்கும் இடம்) குரலுக்கான குறி. நல்ல தொடக்கம், ஆனால் வழியில் ஒரு சுவிட்ச் அதைச் சுழியமாக்கிவிடலாம். பொது இணையத்தில் அதை யாரும் மதிக்கக் கடமைப்பட்டவர்கள் இல்லை. ஒரு அழைப்பு போட்டுவிட்டு இரு முனையிலும் பேக்கெட்டைப் பிடித்துப் பாருங்கள். புறப்பட்டபோது 46, வந்து சேர்ந்தபோது 0 என்றால் நடுவே உள்ள ஒவ்வொரு சுவிட்சாகச் சோதியுங்கள். எந்தப் போர்ட்டில் அழிகிறது என்று எழுதி அனுப்பினால் மேற்கொண்டு சொல்கிறேன்.