மாமா வீட்டில் நிற்கப்போகும் வண்டி

கேள்வி: அம்மா, வணக்கமுங்க. காங்கயம் பக்கம் ஒரு கிராமம். எனக்கு 17 வயது முடிந்து நாலு மாதம் ஆகிறது. பிளஸ் டூ முடித்துவிட்டுத் தேங்காய்க் களத்தில் கணக்கு எழுதுகிறேன். 22,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். 2011 மாடல் ஸ்ப்ளெண்டர் ஒன்று 26,000-க்கு வருகிறது, முன்பணம் 2,000 கொடுத்துவிட்டேன். மீதிக்கு என்ன செய்யலாம்? பழைய வண்டியில் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்? வண்டிப் பதிவுச் சான்றான ஆர்சியைத் தன் பேரில் போட்டுக்கொள்ளலாம் என்று மாமா சொல்லிவிட்டார், வண்டியும் அவர் வீட்டிலேயே நிற்கும். அப்பா, பாலும் தீவனமும் ஏற்றும் அவருடைய எக்ஸெல் மொபெட்டைக்கூடத் தொட விடமாட்டார். என் கூட்டாளிகள் எல்லோரும் ஓட்டுகிறார்கள்.
– வாசகர், காங்கயம் வட்டம்

பதில்: தம்பி, வண்டி மட்டும் மாறி இதே கடிதம் எனக்கு மாசாமாசம் வருகிறது. ‘இந்த வயசில் ஆசை வரத்தானே செய்யும் கண்ணு’ என்று நான் தொடங்குவேன் என எதிர்பார்த்திருப்பாய். அதெல்லாம் உன் கூட்டாளிகள் சொல்லிக்கொள்ளட்டும்.

‘வண்டியும் அவர் வீட்டிலேயே நிற்கும்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டாய். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். நீ உழைத்துச் சேர்த்த காசு, ஆனால் வண்டி உன் வீட்டு வாசலுக்கு வர முடியாது. அப்படியென்றால் அப்பாவுக்குத் தெரியாது. எத்தனை நாளைக்குத் தெரியாமல் இருக்கும்? ஒரு நாள் காலையில் பால் சொசைட்டியில் கேனை இறக்கும்போது யாராவது ‘உங்க பையன் ஸ்ப்ளெண்டர்ல பறக்கறானுங்களே’ என்பார். ஊர் பார்க்க அப்பா முகம் தொங்கிப்போகும். வீட்டுக்கு வந்ததும் சண்டை உன்னோடு நிற்காது. ‘எல்லாம் உங்க அண்ணன் தம்பி பண்ற வேலை’ என்று உன் அம்மா பக்கம் திரும்பும். இப்படி ஒரு அற்ப விஷயத்தில் மாமன் மச்சான் பேச்சு முறிந்து, வீட்டு விசேஷத்தில் சீர்த்தட்டை வாங்கி வைக்க ஆள் இல்லாமல் நின்ற குடும்பங்களை எனக்குத் தெரியும். 26,000 ரூபாய் வண்டிக்கு அந்த விலை ஜாஸ்தி.

உன் மாமாவுக்கும் ஒரு வார்த்தை. மருமகனுக்குக் காது குத்தும்போது மடியில் உட்கார வைத்தவர் நீங்கள். அந்த உரிமையில் தலையாட்டிவிட்டீர்கள். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 18 வயது ஆகாதவன் வண்டி ஓட்டி மாட்டினால், பெற்றவர், காப்பாளர் அல்லது வண்டிக்கு உரியவர் குற்றவாளி. மூன்று வருடம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. ‘எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்’ என்று நிரூபித்தால் தப்பிக்கலாம். அவனுக்காகவே ஆர்சியைத் தன் பேரில் போட்டவர் எந்த வாயால் அதைச் சொல்வது? யார் மேலாவது மோதிவிட்டால், லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான் என்பதால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டை உங்களிடமே திருப்பிக் கேட்கலாம். காடு தோட்டம் இருந்தால் அதன் மேல் வந்து நிற்கும். ஒரு கையெழுத்துக்கு இத்தனை இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள்.

உனக்கும் இருக்கிறது தம்பி. அப்படி மாட்டினால் 25 வயது வரை உனக்கு எல்எல்ஆர் என்கிற பழகுநர் உரிமம்கூடக் கிடையாது. கூட்டாளிகள் ஓட்டுகிறார்கள் என்கிறாய். அவர்களெல்லாம் இன்னும் மாட்டவில்லை, அவ்வளவுதான்.

அப்பாவின் எக்ஸெல்லுக்கு வருகிறேன். ‘எக்ஸெல்லுக்கு லைசென்ஸ் எதற்கு’ என்று நம் பக்கத்தில் பாதிப் பேர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 16 வயதில் சட்டம் அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டியை மட்டுமே, அதற்கும் லைசென்ஸ் வேண்டும். இப்போது வரும் எக்ஸெல் 100 என்பது 99.7 சிசி. உன் அப்பா சரியாகத்தான் செய்கிறார். போதாக்குறைக்கு அந்த வண்டியில்தான் உங்கள் வீட்டுப் பால் போகிறது, தீவனம் வருகிறது. நீ கீழே போட்டு ஹேண்டில் வளைந்தால் மறுநாள் கறந்த பாலை என்ன செய்வது? அவரை உனக்கு எதிராளியாக எழுதியிருக்கிறாய், அது எனக்குப் பிடிக்கவில்லை.

உனக்கு 18 ஆக இன்னும் எட்டு மாதம். அதுவரை வண்டி வாங்காதே. மீதி 4,000-க்கு வழி கேட்டிருக்கிறாய். யாரிடமும் கைநீட்டாதே, வட்டிக்கு வாங்காதே, எட்டு மாதச் சம்பளத்தில் அது தானாக வரும். வயதுக்குள் ஓட்டக்கூடாது என்று சட்டம் சொல்வது பொது இடத்தில். களத்தில் தேங்காய் காயாத நாளாகப் பார்த்து, முதலாளியிடம் கேட்டுவிட்டு, அப்பாவையும் கூப்பிட்டுக்கொண்டு போய்ப் பழகு. கிளட்ச்சை மெதுவாக விட, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க, 8 போட அந்த இடம் தாராளம். கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வராதே. 18 முடிந்ததும் எல்எல்ஆர் போடு. 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும், ஆறு மாதத்துக்குள் முடித்துவிடு.

நீ பார்த்திருக்கும் ஸ்ப்ளெண்டர் பழகுவதற்கு நல்ல வண்டிதான், கனம் அதிகமில்லை, எந்த ஊர்ப் பட்டறையிலும் பிரித்து மாட்டுவார்கள். ஆனால் 2011-இல் பதிவானது 2026-உடன் 15 வருடத்தை முடிக்கிறது. அதற்குமேல் வண்டி ஓடத் தகுதியானது என்கிற எஃப்சி சான்று காட்டி ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். விற்கிறவர் இதைச் சொன்னாரா? எந்த வண்டியானாலும் சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்சியோடு ஒத்துப்போகிறதா பார். ஆர்சியில் பைனான்ஸ் பேர் இருந்தால், கடன் பாக்கி இல்லை என்று அவர்கள் தரும் என்ஓசி இல்லாமல் காசைக் கொடுக்காதே. ‘ஃபார்ம்ல கையெழுத்து வாங்கியாச்சு, பேரை அப்புறம் மாத்திக்கலாம்’ என்பார்கள், மாற்றித் தந்த பிறகு பாக்கியைக் கொடு. பணத்தையெல்லாம் வண்டியிலேயே கொட்டிவிடாதே. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் ஒன்று, இன்சூரன்ஸ், டயர், செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் ஷூ, இதற்கெல்லாம் ஐயாயிரம் ஆறாயிரம் ஒதுக்கி வை. ஹெல்மெட்டை நீ கடிதத்தில் ஒரு இடத்தில்கூட எழுதவில்லை, அதையும் கவனித்தேன்.

கொடுத்த 2,000-ஐத் திருப்பிக் கேள். வந்தால் சரி, வராவிட்டால் போகட்டும் விடு. ஆனால் அந்த ரூபாயைப் பற்றி அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. மாமா பேரை இழுக்காமல், நீ கொடுத்தாய் என்று சொல். சத்தம் போடுவார், நின்று கேட்டுக்கொள்.