டிஸ்க் கோல்ஃப் (தட்டை எறிஞ்சு கூடைக்க விழுத்திற விளையாட்டு): முதல் தட்டு எது வாங்கிறது? கேள்வி பதில்

கிளிநொச்சி: அண்ணை, புதுசாப் பழகப் போறன். கனடாவில இருந்து மாமா வாறார், என்ன டிஸ்க் கொண்டுவரச் சொல்ல?

தம்பி, மூண்டு காணும். கிட்ட நிண்டு கூடைக்க போடுற புட்டருக்கு அவியர், நடுத்தூரத்துக்கு எறியிற மிட்ரேஞ்சுக்கு பஸ் (Buzzz), தூர எறியிற டிரைவருக்கு லெப்பேட், இதுகள் தட்டுகளின்ர பேர். தட்டில நாலு நம்பர் இருக்கும், ஸ்பீட் (தட்டுக்குத் தேவையான வேகம்), கிளைட் (காத்தில மிதக்கிறது), டேர்ன் (வேகமாப் போகேக்க வலப்பக்கம் திரும்பிறது), ஃபேட் (வேகம் குறைய இடப்பக்கம் மடியிறது) எண்டு, லெப்பேட்டுக்கு 6, 5, மைனஸ் 2, 1. முதல் நம்பரைப் பாத்துத்தான் எல்லாரும் பிழை விடுறது. 12 எண்டால் தட்டு தானா ஓடாது, அந்த வேகத்துக்கு உங்கட கை எறியவேணும், இல்லாட்டி வலக்கையால பேக்ஹாண்ட் (புறங்கைப் பக்கமா) எறிய எறிய இடப்பக்கமே மடிஞ்சு விழும். நானும் 12 இல தொடங்கி, இழுத்து எறியிற பிழையான பழக்கம் கையில ஊறி, அதை மாத்தப் பட்ட பாடு கொஞ்சமில்லை. மூண்டாவது நம்பர் மைனஸா இருந்தால் மெதுவான கைக்கும் நேராப் போகும். அவியரும் லெப்பேட்டும் முதல்ல டிஎக்ஸ் (DX) எண்ட பிளாஸ்டிக்கில வாங்குங்கோ, மலிவு, பிடியும் நல்லம்.

இன்னொண்டு, மிதிவெடிச் சிவப்புப் பலகை நட்ட காணிக்க தட்டு போனால் விட்டிடுங்கோ.

மாங்குளம்: ஆகத் தூரம் போற டிரைவர் எது?

மேல வாசியுங்கோ தம்பி.

வவுனியா: மகளுக்கு 10 வயசு, எத்தினை கிராம்?

அக்கா, 150 கிராம் சுத்தி வர, புட்டர் மட்டும். பிள்ளை நேரா எறியப் பழகின பிறகு மற்றதைப் பாக்கலாம்.

முல்லைத்தீவு: பாரம் குறைஞ்சது சோளகக் காத்துக்கு நிக்காது அண்ணை. எல்லாருக்கும் 175 தான் சரி.

இதை ஒத்துக்கொள்ள மாட்டன். பாரம் கொஞ்சம் உதவும், உண்மைதான், ஆனால் எதிர்காத்தில தட்டுக்குப் படுற காத்தின்ர வேகம் கூடுறதால டேர்னும் கூடும், அப்ப 175 லெப்பேட்டும் வலப்பக்கம் புரண்டு நிலத்தில அடிக்கும். அங்க ஃபேட் கூடின தட்டுத்தான் வேணும், ரோக் மாதிரி, அதுக்கு 4, 4, 0, 3. பின்காத்து எண்டால் மறுவளம், லெப்பேட் நல்லா மிதக்கும்.

முல்லைத்தீவு: கடற்கரையில எறிஞ்சு பாத்துத்தான் சொல்லுறன்.

நானும் அறுவடை முடிஞ்ச வயலுக்க சோளகத்துக்க நிண்டு எறிஞ்சவன் தான். ஒரே பாரத்தில ரோக்கும் லெப்பேட்டும் எடுத்து, காத்துக்கு எதிர பத்துப் பத்துத்தரம் எறியுங்கோ, எது புரளுது எண்டு உங்கட கண்ணே சொல்லும். பத்து வயசுப் பிள்ளைக்கு 175 குடுத்தால் தோள் தான் நோகும், அதில விட்டுக்குடுக்க மாட்டன்.

புதுக்குடியிருப்பு: தூரம் போற டிரைவர்...

12, 13 பக்கம் இந்த வருசம் போகாதேங்கோ, இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

மல்லாவி: நான் இடக்கை.

அதே தட்டு. திரும்பிறது மட்டும் மறுபக்கம்.

நெடுங்கேணி: என்ன நிறம்?

ரோஸ், செம்மஞ்சள். பச்சை பத்தையுக்க தெரியாது, தேடித்தேடி எங்கையோ போயிடுவியள், சிவப்புப் பலகை மறக்கவேண்டாம்.

இரணைமடு: குளத்துக்க விழுந்தால் மிதக்குமோ?

கனக்க டிஸ்க் தாழும். முதலை இருக்கிற குளம், இறங்காதேங்கோ.