1920களின் ஜாஸ் கிளாரினெட் பதிவுகள் வெறும் இரைச்சலாகவே கேட்கின்றன. இவற்றில் ரசிக்க என்ன இருக்கிறது?

'இரைச்சல்' என்ற சொல்லைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். என் மச்சான் இதைவிட மோசமாகச் சொல்வார்: டால்டா டின்னுக்குள் கரப்பான்பூச்சி ஓடுகிற மாதிரி இருக்கிறதாம். நீங்களும் யாரோ சொன்னார்கள் என்று நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தக் கரகரப்பிலேயே நொந்துபோயிருப்பீர்கள். இரண்டு மாதம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

எனக்குக் காது திறந்தது உளுந்தூர்பேட்டை பக்கத்தில், நின்றுபோன ஒரு பஸ்ஸில். திருச்சியிலிருந்து சென்னைக்கு இரவுப் பயணம். ஒரு மணி சுமாருக்கு வண்டி படுத்துவிட்டது. என் இயர்போனில் வலது பக்கம் ஏற்கெனவே செத்திருந்தது. சினிமாப் பாட்டு போட்டால் பாதி வாத்தியங்களைக் காணோம். அப்புறம்தான் ஃபோனில் சும்மா கிடந்த பழைய ஜாஸ் ஞாபகம் வந்தது. அவை எல்லாம் மோனோ, இரண்டு காதிலும் ஒரே சத்தம்தான். ஒரு காதே போதும், ஒன்றும் குறையாது.

போட்டது கிங் ஆலிவர் குழுவின் 'டிப்பர்மவுத் ப்ளூஸ்'. 1923 ஏப்ரலில், இண்டியானா மாநிலத்து ரிச்மண்டில் ஜெனெட் கம்பெனி பதிவு செய்தது. மைக் கிடையாது. எல்லாரும் ஒரு பெரிய கூம்புக் குழலைப் பார்த்து வாசிக்க, அந்தச் சத்தமே ஊசியை அசைத்து மெழுகில் கோடு போடும். ஸ்டுடியோவை ஒட்டியே தண்டவாளம். ரயில் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். மற்றவர்களை அமுக்கிவிடுவார் என்று இளம் லூயி ஆம்ஸ்ட்ராங்கைத் தள்ளி நிற்க வைத்தார்கள். இவ்வளவுக்கும் நடுவில் கிடைத்த சத்தம் அது.

மூன்று நிமிடத்துக்குள் முடிகிற பாட்டு. திரும்பத் திரும்பப் போட்டேன். ஐந்தாறு தடவைக்குப் பிறகுதான், ஆலிவர், ஆம்ஸ்ட்ராங் இருவரின் கார்னெட்டுகளையும் (ட்ரம்பெட் மாதிரியான சின்ன ஊதுவாத்தியம்) சுற்றிக்கொண்டு கொடி மாதிரி ஏறி இறங்கும் ஜானி டாட்ஸின் கிளாரினெட் தனியாகப் பிடிபட்டது. நடுவில் மற்றவர்கள் தாளத்தை வெட்டி வெட்டி நிறுத்த, அவர் மட்டும் இரண்டு சுற்று ஊதுகிறார். சுரத்தை நேராக விடாமல் வளைத்து, நடுக்கத்தோடு விடுகிறார். கரகரப்பு எப்போது காணாமல் போனது என்றே தெரியவில்லை.

அந்த டிராவல்ஸ்காரர்கள் பாதிக் காசைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். மூன்று மெயில் போட்டேன். "ஏசி ஓடியதே சார்" என்று ஒரு பதில். வண்டியே ஓடவில்லை, ஏசி எங்கே ஓடியது? சரி, விடுங்கள்.

டாட்ஸுக்குச் சுருதி விலகும், பின்னால் வந்த கிளாரினெட்காரர் பென்னி குட்மேன் எவ்வளவு சுத்தம் என்று யாராவது கீழே கமெண்டில் வருவார்கள். வரட்டும். குட்மேனை நானும் கேட்பவன்தான். பழசெல்லாம் தங்கம் என்றும் நான் சொல்லவில்லை. 1917இல் 'லிவரி ஸ்டேபிள் ப்ளூஸ்' பதிவில் லாரி ஷீல்ட்ஸ் கிளாரினெட்டில் சேவல் மாதிரி கூவுவார். எனக்கு அது வேடிக்கை, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் 1923இலிருந்து தொடங்காதீர்கள். 1925 வாக்கில் மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை வந்துவிட்டது. 1927இல் ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் செவன் குழு வாசித்த 'பொட்டேட்டோ ஹெட் ப்ளூஸ்'இல் இதே டாட்ஸ் இன்னும் தெளிவாகக் கேட்பார். அடுத்து, 1928இல் கிளாரினெட்காரர் ஜிம்மி நூன் சிகாகோவில் பதிவு செய்த 'ஸ்வீட் லொரேன்'. அந்தக் குழுவில் கார்னெட்டே கிடையாது, அதனால் கிளாரினெட்டைத் தேடி அலைய வேண்டாம். கீழ் ஸ்தாயியில் நூன் ஊதும்போது மரத்தின் கனம் கேட்கும். ஒன்று மட்டும்: ரொம்பச் சுத்தம் செய்த பதிப்பு வேண்டாம். கரகரப்போடு சேர்த்து மூச்சையும் துடைத்துவிடுகிறார்கள்.

அப்புறம் டிப்பர்மவுத்துக்கு வாருங்கள். முடியப்போகும் நேரத்தில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் பில் ஜான்சன் உற்சாகத்தில் ஒரு கூச்சல் போடுவார். அந்த இருட்டில் முதல் தடவை அதைக் கேட்டபோது, பஸ்ஸுக்குள்தான் யாரோ கத்துகிறார்கள் என்று இயர்போனைப் பிடுங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.